ஒற்றை இருக்கை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. சம்பா தூர் கட்டத் தொடங்கிவிட்டது. வெண்ணாற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. உங்கள் மருந்து தெளிக்கும் விமானத்துக்குச் சோதனை நெருங்கிவிட்டது என்றும், அதில் ஒருவர்தான் உட்கார முடியும் என்றும் உன் அக்கா சொன்னாள். நீ விமானம் ஓட்டப் பழகுவதையும் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து படம் வரைந்து காட்டினாயே. நம் நாட்டு எச்.ஏ.எல். நிறுவனம் மருந்து தெளிக்கவென்று செய்து 1972-இல் பறந்த பசந்த் விமானத்துக்கு, முதல் வடிவில் எஞ்சினை ஒட்டி இருந்த இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தினார்கள் என்றாய். அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வீக் வடிவமைத்த பைப்பர் பானீ என்ற தெளிப்பு விமானத்தில் மருந்துத் தொட்டி எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருக்கும், பின்னால் இருந்தால் மோதும்போது பாரமெல்லாம் விமானியின் மேல்தான் வந்து விழும் என்றாய். இப்படிப் பேசுகிற பிள்ளை நம் வீட்டில் பிறந்தானே என்ற பூரிப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆனால் நம் வயலுக்கு மேலே மின்கம்பி போகிறது, வரப்பில் தென்னை நிற்கிறது. பயிரை ஒட்டிப் பறக்கிறவனுக்குக் கம்பி கண்ணில் படாது. புகையான் தூரில் அண்டுகிற பூச்சி. பயிருக்கு நடுவே பட்டம் என்கிற இடைவெளி விட்டு, பயிரை விலக்கி அடித்தால்தான் அடங்கும். மேலிருந்து விழுகிற மருந்து தோகையோடு நின்றுவிடுமே, அதையும் யோசித்துக்கொள். எங்கே பறந்தாலும் முதலில் கம்பியைப் பார்.

நீ தொட்டியைப் பற்றிப் பேசியபோது, பத்தாவது படிக்கையில் உன் முதுகில் நான் ஏற்றிய தெளிப்பான்தான் எனக்குத் தெரிந்தது. அதன் வாஷர் தேய்ந்திருந்தது எனக்கு முந்தின நாளே தெரியும். மன்னார்குடிக்குப் போய்வர ஒரு நாள் வீணாகுமே என்று, மூடியை இறுக முடுக்கி உன்னை வயலில் இறக்கினேன். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாய். வெயில் தாங்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் தெரியும். உனக்கும் அதையே சொன்னேன்.

உன்னைத் தடுக்கிற தகுதி எனக்கு இல்லை. அந்த இருக்கையில் ஏறப்போவது யார் என்று மட்டும் எழுது. கம்பியைப் பார்த்துக்கொள்.

அப்பா