பம்பரப் படம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவிளையாட்டுப் படத் தொகுப்பை வாங்கிய சிலர், பைத்தான் மொழியில் கணினி ஆட்டங்கள் எழுத உதவும் பைகேமில் பம்பரத்தைச் சுழலவிட்டால் அது நின்ற இடத்திலிருந்து நழுவுகிறது, ஓரங்கள் உதிர்கின்றன, சில நொடிகளில் ஆட்டமே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பதில் எழுதுவதற்குள் ‘அந்தக் கடைப் படங்கள் கனமானவை’ என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, பட்டமும் கோலியும் வாங்கியவர்கள்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு எந்தக் குறையைச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்போம். ‘கனம்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. பம்பரப் படத்தின் அளவு 64-க்கு 64 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்று பார்த்தால் நினைவகத்தில் அது பிடிக்கும் இடம் 16 கிலோபைட்தான்.

சதுரப் படத்தைச் சாய்த்தால் மூலைகள் வெளியே நீளும். அவை வெட்டுப்படாமல் இருக்க, படத்தைத் திருப்பும் பைகேம் கட்டளையான ரொட்டேட், படத்தைத் தாங்கும் பெரிய பரப்பு ஒன்றை உருவாக்கி, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டுத் தருகிறது. 5 பாகை திருப்பினால் 64 பிக்சல் 69 ஆகும். அதில் தவறில்லை. ஆனால் திருப்பிய படத்தையே எடுத்து மறுபடியும் திருப்பினால், அந்த வெற்று விளிம்பும் படமாகவே கொள்ளப்பட்டு, அதற்கும் மூலைகள் முளைக்கும். வட்டி குட்டி போடுகிற கணக்குதான்: இப்படி 5 பாகையாக 30 முறை திருப்புவதற்குள் பரப்பின் பக்கம் 600 பிக்சலைத் தாண்டும், திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படும் (அதாவது 60 சட்டங்கள் ஓடும்) ஆட்டத்தில் ஒரே நொடியில் 6,000-ஐத் தாண்டி, 16 கிலோபைட் படம் 100 மெகாபைட்டுக்கு மேல் விழுங்கும். ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளப்படுவதால் ஓரம் சிதைகிறது. பரப்பின் இடது மேல் மூலையைப் பிடித்து வரைவதால் பம்பரம் வலப்புறம் கீழே நழுவுகிறது. படம் கனமாக இருந்ததால் நேர்ந்ததல்ல இது என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டுகிறோம்.

மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, கோணத்தை மட்டும் கூட்டி, ஒவ்வொரு சட்டத்திலும் மூலத்திலிருந்தே திருப்புங்கள். வரையும்போது, படத்தின் இடத்தைக் குறிக்கும் செவ்வகத்தைத் தரும் கெட்ரெக்ட் கட்டளையில் நடுப்புள்ளியைக் கொடுங்கள். இன்னும் விரைவு வேண்டுமென்றால், 5 பாகைக்கு ஒன்றாக 72 படங்களை ஆட்டம் தொடங்குமுன் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மொத்தமும் ஏறத்தாழ 2 மெகாபைட்டுக்குள் அடங்கும். தொகுப்போடு வரும் மாதிரி நிரலின் 14-ஆம் வரியும் இந்த முறைக்கு மாற்றப்பட்டுள்ளது.

ஆட்டம் மந்தமாக ஓடுகிறது என்றவர்களுக்கு ஒரு சொல்: படத்தை ஏற்றும் வரியை ஒவ்வொரு சட்டத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் ஆட்டச் சுழலுக்கு வெளியே வையுங்கள், திரையை அமைத்த பிறகு, ஏற்றிய படத்துக்கு ஒருமுறை கன்வெர்ட் ஆல்ஃபா கொடுங்கள்; ஒளிபுகும் பகுதியைக் காத்து, திரைக்கு ஏற்ற வடிவுக்குப் படத்தை மாற்றும் கட்டளை அது. ஒளிபுகும் பகுதியைக் காக்காத வெறும் கன்வெர்ட் கொடுத்தால் பம்பரத்தைச் சுற்றி நிறக்கட்டம் தெரியும். கோப்பின் அளவைக் குறைப்பதாக எண்ணி ஜேபெக்காக மாற்றியவர்களுக்கும் அதே கதிதான், ஏனெனில் அந்த வடிவத்தில் ஒளிபுகும் பகுதிக்கு இடமே கிடையாது.

மாதிரி நிரல்களை எழுதிவந்த தம்பி சென்ற மாதம் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். உங்கள் ஐயங்களுக்கு இப்போது நானே இரவில் உட்கார்ந்து பதில் எழுதுவதால் ஓரிரு நாள் தாமதமாகலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும். பணம் திருப்பிக் கேட்டவர்களுக்குக் காரணம் கேட்காமல் அனுப்பிவிட்டோம்.

பேச்சு பரவிய வாரத்திலும் தம் மாணவர்களுக்காக எங்களிடமே மூன்று தொகுப்புகள் வாங்கிய ஆசிரியைக்கும், பம்பரம் நழுவுவதைத் திரைப்பதிவு செய்து, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் அனுப்பிவைத்த பள்ளி மாணவருக்கும், முதல் தொகுப்பிலிருந்து எங்களோடு இருக்கும் உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திருத்திய தொகுப்பை உங்கள் பழைய இணைப்பிலேயே கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

தங்கள் அன்புள்ள,
உரிமையாளர்