காக்கைக்குச் சோறும் மைனாக் கூச்சலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் மாலையானால் மரங்களில் வந்து அடையும் மைனாக்களின் கூச்சல் தாங்கவில்லை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்று வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் இதே பேச்சுதான். கூச்சல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கோப்பிக்கடை மேசைகளில் மிச்சம் பொறுக்கும் மைனா பெரும்பாலும் ஜாவா மைனா. கருஞ்சாம்பல் உடல், அலகுக்கு மேல் சின்னக் குடுமி. 1920களில் கூண்டுப் பறவையாக வந்து, வெளியேறிப் பெருகிய கூட்டம் இது. தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் பழுப்பு மைனா 1930களில் மலாயா வழியாகத் தானே பரவி இங்கே வந்தது. இப்போது ஜாவா மைனாவுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்டது. அதைவிட வேடிக்கை, ஜாவாவில் ஜாவா மைனாவே அருகிவிட்டது. கூண்டில் வளர்ப்பதற்கென்றே பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அதற்காக, மைனா வந்ததால்தான் காட்டுப் பறவைகள் போயின என்று சொல்லிவிட முடியாது. 1819ல் ஆங்கிலேயர் வந்திறங்கிய பிறகு இந்தத் தீவின் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. முதலில் மிளகுத் தோட்டம், அப்புறம் ரப்பர், அப்புறம் நகரம். தீக்காக்கை (பெயரில்தான் காக்கை; இது டிரோகன் என்ற வண்ணக் காட்டுப் பறவை) போன்றவை காட்டு நிழலை விட்டு வெளியே வராதவை. உளுத்துப்போன அடிமரத்தைக் குடைந்து கூடு வைப்பவை. காடு போனதும் அவையும் போயின. வெட்டவெளியும் மனிதக் குப்பையும் பிடித்த பறவைகளுக்குத்தான் நாம் வீடு கட்டிக் கொடுத்தோம். இன்றைக்கு எல்லா மைனாவையும் பிடித்தாலும் ஒரு தீக்காக்கைகூடத் திரும்பாது.

பசிபிக்கில் உள்ள குவாம் தீவின் கதை வேறு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த காட்டுப் பறவைகளை ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டது. அங்கே வந்தேறிதான் கொலையாளி. இங்கே முதல் வெட்டு கோடரியுடையது. ஆனாலும் நம் வந்தேறிகளும் சாது என்று சொல்வதற்கில்லை. கூண்டிலிருந்து தப்பிய செம்மார்புக் கிளிகள், இங்கேயே பிறந்து வளர்ந்த நீள்வால் கிளிகளோடு மரப்பொந்துக்குப் போட்டி போடுகின்றன. முதிர்ந்த மரங்கள் குறைந்த ஊரில் பொந்துக்கு எங்கே போவது?

எல்லாம் நட்டக் கணக்கு என்றும் சொல்ல மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் காணாமல் போன இருவாச்சி 1994ல் புலாவ் உபின் தீவில் தென்பட்டது. கூட்டுப்பெட்டிகள் வைத்து உதவியதில் இன்று பல பேட்டைகளில் பறக்கிறது.

நம் சமூகத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது காகம். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காகங்கள்தான் மலாயாவில் வேரூன்றின. (தோட்ட வேலைக்கென்று கப்பலேறிய நம்மவர்களின் நினைவு வராமல் இல்லை.) சிங்கப்பூரில் 1940களில் அது தென்படத் தொடங்கியது. பின்னாலேயே குயிலும் கூடியது. முன்பு பெரும்பாலும் வலசை வரும் பறவையாக இருந்த குயில், முட்டையிடக் காக்கைக்கூடு கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டது. விடிகாலையில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குயில்மீது புகார் சொல்பவர்கள் காக்கையையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆனால் அமாவாசையன்று நடைபாதைத் திண்ணையில் சோறு வைக்கும் வழக்கம் நம்மில் பலரிடம் இன்னமும் இருக்கிறது. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள். வைக்கும் சோற்றுக்குக் காகமும் புறாவும் மைனாவும் பெருகுகின்றன, பிறகு நாமே அவற்றைச் சுட வேண்டும், பிடிக்க வேண்டும் என்கிறோம். படையலை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு நாமே சாப்பிட்டால் முன்னோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நம்புகிறேன். கூண்டுப் பறவை அலுத்துப்போனால் புண்ணியம் என்று திறந்துவிடுவதும் இதே வகைதான்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் இந்த விவரங்களை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட முடியுமா? கோயில்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு வரி போட்டால் நல்லது. தாத்தா பாட்டிமார்கள் நாளிதழை விட அதைத்தான் நின்று படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்