கல் உடைக்கும் மெசின் செய்யப் போகிற மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். மாமாங்கத் தீர்த்தம் முடிந்தும் கச்சான் காற்று விட்டபாடில்லை, பட்டறைக்குள் பகலில் நிற்க முடியவில்லை.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். துரு நிறக் கோடு ஓடுகிற அந்த வெள்ளைக் கல்லை அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தா. கோட்டின் ஓரத்தில் மஞ்சளாய்த் தெரிவது தங்கம்தான் என்று எனக்கும் படுகிறது. ஊசி முனையால் அழுத்திப் பார். தங்கமென்றால் குழி விழும். தங்கம்போல மினுங்கி ஏமாற்றுகிற பைரைட் என்றால் பொடியாய் உதிரும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரும்புக் குழாய்க்குள் சங்கிலி சுழன்று கல்லை அடிக்கிற மெசினின் படத்தை அனுப்பி, இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்வது லேசுதான். ஒரு சாஃப்ட் (சுழலும் தண்டு), இரண்டு பெயாரிங், நாலு துண்டுச் சங்கிலி போதும். ஒரே ஓட்டத்தில் கல் மாவாகிவிடும் என்பதால்தான் எல்லோரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் நீ அதைச் செய்ய வேண்டாம் மகள். அந்த வேகத்தில் ஒரு சங்கிலி வளையம் அறுந்தால் குழாய்த் தகட்டையே கிழித்துக்கொண்டு வரும். அதைவிட மோசம், சுழலும் சங்கிலி காற்றாடியாகவும் வேலை செய்து, கல் மாவை ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் வெளியே ஊதும். நீ இடிக்கப் போகிற அந்த வெள்ளைக் கல் சுத்தமான குவார்ட்ஸ். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

நீ நேர்ஸ், கல் தூசால் நுரையீரல் இறுகிப்போகிற சிலிக்கோசிஸ் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது நம் பட்டறையில் உதவிக்கு நின்ற அண்ணர் ஒருவர், அதற்கு முன் அம்பாறைப் பக்கத்துக் கல்குவாரியில் கிரஷருக்குக் கல் போட்டவர். வாயில் ஒரு சாரத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அத்தனை வருசமும் வேலை செய்திருக்கிறார். ஐம்பது வயது ஆகவில்லை, சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டும்போது இரண்டு இடத்தில் இறங்கி நிற்பார். பிறகு வெல்டிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசவே மூச்சு வாங்கியது. கடைசியில் அவரைக் கொண்டுபோனது அந்த நெஞ்சுதான். நீ இருக்கிற அவுஸ்திரேலியாவில் சமையலறை மேசைக்குப் போடும் செயற்கைக் கல்லை இதே தூசுக்காகத்தான் 2024 ஜூலையில் தடை செய்தார்கள். வேலைத்தளக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு 0.05 மில்லிகிராம்தான் அங்கே எல்லை. அந்த அளவு தூசு கண்ணுக்கே தெரியாது.

அதனால் நான் சொல்வது இரண்டு கட்ட வேலை. முதலில் சின்னத் தாடைக் கிரஷர் ஒன்றில் கல்லைக் கடலை அளவுக்கு உடை. பிறகு அதை இரும்பு உரலில் தண்ணீர் விட்டு இடி. நேரம் எடுக்கும். எடுக்கட்டும், இது உனக்குப் பொழுதுபோக்குத்தானே.

தாடைக் கிரஷர் மெதுவாக ஓடுவது. ஒரு தகடு அசையாமல் நிற்கும், மற்றது எக்சென்ட்ரிக் சாஃப்டில், அதாவது நடுப்பகுதி மையம் விலகிய தண்டில், தொங்கி முன்னும் பின்னும் வந்து கல்லை நெரிக்கும். வாய் மேலே 75 மில்லிமீற்றர், கீழே 10, தகட்டின் உயரம் 180 என்று வை. அப்போது இரண்டுக்கும் இடையில் கோணம் 20 பாகை வரும். கோணம் அதிகமானால் கல் நெரிபடாமல் மேலே துள்ளும். குவாரிக் கிரஷர்கள் திருத்தப் போன இடங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆட்கள் மோட்டரைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

மோட்டர் 2 குதிரைவலு போதும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான், 1440 சுற்று மோட்டர் தாராளமாய்க் கிடைக்கும். மோட்டரில் 75 மி.மீ. புல்லி, கிரஷர் பக்கம் 375 மி.மீ. பாரச் சக்கரம். 288 சுற்று வரும், நல்ல வேகம். சக்கரம் எவ்வளவு பாரமோ அவ்வளவு நல்லது, கல்லை உடைக்கிற அடியைக் கொடுப்பது அதுதான். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் தகட்டு மூடி போடாமல் ஒரு தடவைகூட ஓட்டாதே. தலைமயிரைக் கட்டிக்கொள், சால்வை ஆகாது.

தாடைத் தகட்டுக்கு மங்கனீசு இரும்பு தேடு. குவாரிகளில் தேய்ந்து கழித்துப்போட்ட துண்டு கிடைக்கும். காந்தத்தை வைத்துப் பார், ஒட்டாது. அடி விழ விழ மேல்தோல் இறுகுகிற இரும்பு அது, 1882இல் ஹாட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. கிடைக்காவிட்டால் லொறி வில்லுத் தகடு. அதை வெல்ட் பிடிக்காதே, பக்கத்தில் வெடிப்பு வரும். போல்ட் போட்டு இறுக்கு.

அசையும் தாடையின் பின்னால் முட்டுக் கொடுக்கிற தகடு ஒன்று வரும். அதை வேண்டுமென்றே மெல்லிய இரும்பில் செய். தவறி ஒரு சுத்தியல் தலை உள்ளே விழுந்தால் அந்தத் தகடு மட்டும் முறிந்து, சாஃப்டும் பெயாரிங்கும் தப்ப வேண்டும். முறிந்துவிட்டதென்று மருமகன் தடித்த தகடு போடப் பார்ப்பார், விடாதே. வாய்க்குள் கல் இருக்கும்போது மோட்டரைப் போடாதே. அடைத்துக்கொண்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். போடும் முன் கல்லை நனைத்துக்கொள், வாய்க்கு மேல் மெல்லிய தூவலாய்த் தண்ணீர் விடு, மோட்டரில் படாமல். ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். இவ்வளவும் செய்தபிறகும் நுண்தூசு மறிக்கிற பீ2 மாஸ்க், கண்ணாடி, காதுக்கு அடைப்பு.

உரல் உன் கையாலேயே செய்யலாம். 100 மி.மீ. கனத்த குழாயின் அடியில் 25 மி.மீ. தகட்டை வெல்ட் பிடி, உலக்கைக்கு 50 மி.மீ. உருளைக் கம்பி. ஒரு பிடி கல், கொஞ்சம் தண்ணீர். பழைய டியூப் துண்டில் ஓட்டை போட்டு மூடினால் தெறிக்காது. இடித்ததை ஒரு மில்லிமீற்றர் சல்லடையில் அரித்து, மிஞ்சியதைத் திரும்ப இடி. அளவுக்கு மீறி இடித்தால் தங்கம் தகடாகித் தண்ணீரில் மிதந்து போய்விடும். தங்கம் அரிக்கிற சட்டியில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அது தாழும்.

அரிப்பது உனக்குத் தெரிந்த வேலைதான். அம்மம்மா அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அதே கைச்சுழற்சி, அதே வரிகள். அவ அரிசியை எடுத்துக் கல்லை விடுவா, நீ மண்ணை விட்டு அடியை எடுக்க வேண்டும். தங்கத்தின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸ் 2.65தான், அவசரப்படாமல் ஆட்டினால் தங்கம் போகாது. கடைசியில் கறுப்பு மணல் மிஞ்சும், திருக்கோவில் கரையில் கிடக்கிறதே அந்த இனம். அதோடு உரலில் தேய்ந்த இரும்புத் துகளும் இருக்கும். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி இழு.

இனி இரண்டு விசயம் கண்டிப்பாய். பாதரசம் வீட்டுக்குள் வரக் கூடாது, யார் சொன்னாலும். அடுத்தது, கல்லை நெருப்பில் சுட்டுத் தண்ணீர் ஊற்றினால் லேசாய் உடையும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உடையும்தான். ஆனால் உங்கள் பென்டிகோப் பக்கக் கல்லில் ஆசனிக் கலந்திருக்கும், சுட்டால் நஞ்சுப் புகை. இடித்து மிஞ்சிய சேற்றையும் உன் கொச்சிக்காய்ப் பாத்திக்குப் போடாதே.

ஒரு தொன்னுக்கு 5 கிராம் இருந்தால் சுரங்கக் கம்பனிக்காரனுக்கு அது நல்ல கல். உன் 20 கிலோ வாளியில் அது 0.1 கிராம். 80 வாளி இடித்தால் ஒரு பவுன். அதனால் கண்ட கல்லையெல்லாம் சுமக்காதே, துரு ஓடியதை மட்டும் பொறுக்கு. தங்கம் தேட அனுமதி தருகிற மைனர்ஸ் ரைட் சீட்டைக் காட்டுக்குப் போகும்போது கையில் வைத்திரு. 1854இல் பல்லாரட்டில் சுரங்கக்காரர்கள் உயிரைக் கொடுத்துப் போராடிய பிறகு வந்த சீட்டு அது. கைக் கருவியால் மட்டும் தோண்டி, குழியை மூடிவிட்டு வா.

எக்சென்ட்ரிக் சாஃப்டை நான் இங்கே லேத்தில் கடைந்து தருகிறேன். அங்கே அதற்குக் கேட்கிற காசு அநியாயம். முனைகள் 40, நடு 50, விலகல் 5 மி.மீ. நாலைந்து கிலோ வரும், மருமகனின் தம்பி வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பலாம். நீ முதலில் பெயாரிங் நாலையும் வாங்கி, உள்விட்டத்தை வேர்னியரால் அளந்து படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் இரும்பில் கை வைப்பேன்.

அன்புடன்,
அப்பா