குதிரையின் இரும்பையும் செம்பையும் அளந்து பாருங்கள்

சுகாதார அமைச்சில் பாம்புக்கடி மருந்து வாங்குகிறவர்களுக்கும், அதை நம் நாட்டிலேயே தயாரிக்க நினைக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் கொழும்பில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வவுனியாவில் வயல் வரம்பில் வைத்து என் சித்தப்பாவைப் புடையன் பாம்பு கடித்தபோது, ஆசுபத்திரியில் தாதி ஒருவர் குப்பியில் இருந்த வெள்ளைத் தூளில் நீர் விட்டு, நுரைக்காமல் மெல்ல மெல்லச் சுழற்றிக் கரைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்துக் குப்பி. சித்தப்பா பிழைத்துவிட்டார். அந்தத் தூள் இந்தியாவில் ஏதோவொரு லாயத்தில் நிற்கும் குதிரைகளின் இரத்தத்திலிருந்து வந்தது என்பது அப்புறம்தான் மனதில் தைத்தது.

குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எதிர்ப்பொருள் உருவானதும் லீற்றர் கணக்கில் இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு லீற்றரோடு ஏறக்குறைய 400 மில்லிகிராம் இரும்பு போய்விடும். சரி, சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்றலாமே, ஹீமோகுளோபினையும் பார்க்கலாமே என்பீர்கள். அது போதாது. பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், உள்ள செம்பில் பெரும்பங்கு ஒரு புரதத்தோடு சேர்ந்திருக்கிறது, மருந்துக்காக நாம் எடுத்து வைத்துக்கொள்வதோ அந்தப் பிளாஸ்மாவைத்தான். செம்பு குறைந்தால் உடம்பில் சேமிப்பில் கிடக்கும் இரும்பும் சரியாக வெளியே வராது. துத்தநாகமும் செலனியமும் குறைந்தால் நோயெதிர்ப்பே தளர்ந்துவிடும், அந்த எதிர்ப்பை நம்பித்தானே குதிரையை வளர்க்கிறோம்?

ஒரு தடவை மட்டும் அளந்து கோப்பில் போடுவதும் பயனில்லை. ஊசி போட்ட இடம் வீங்கினாலே சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் தெளியும் நீரில்) இரும்பும் துத்தநாகமும் இறங்கும், செம்பு ஏறும், அந்த ஒற்றை எண் நம்மை ஏமாற்றிவிடும். முதல் ஊசிக்கு முன்னும், ஒவ்வொரு தடவை இரத்தம் எடுக்க முன்னும், ஓய்வு முடிந்த பிறகும் என்று அதே குதிரையின் எண்கள் வரிசையாக வேண்டும். குழாயிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் சாதாரண இறப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும். சுழற்றி எடுத்த சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அதில் வரும் இரும்புக் கணக்கை நான் நம்பமாட்டேன், மனிதருடையதென்றாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மருந்துக்கு அடுத்த கேள்விப்பத்திரம் போடும்போது, குதிரைகளின் இந்த அட்டவணையையும் தரச் சொல்லிக் கேளுங்கள். இங்கேயே லாயம் அமைத்தால், முதல் குதிரை வந்திறங்கும் நாளிலேயே முதல் குழாய் இரத்தத்தை எடுத்து வையுங்கள்.