தண்ணீரையும் அளந்து விடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

போன வாரம் உங்களுக்கு நடந்த பாராட்டு விழாவில், பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்துத் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பேசினீர்கள். கைதட்டல் பலமாம். கடைமடைக்காரர்கள் யாரும் அந்த மண்டபத்தில் இல்லை. நாங்கள் வாய்க்கால் மேட்டில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

நான்கு மண்டலப் பாசனத்தில் ஒரு காட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த முறையிலும் ஷட்டர் திறந்த நாளிலிருந்து எங்கள் ஊர் ஆம்பிளைகள் வீட்டில் படுப்பதில்லை. டார்ச் லைட்டும் கையுமாக வாய்க்காலோரம் ராத்திரி முழுக்க நடை. கொஞ்சம் கண் அசந்தால் போதும், மேலே யாராவது குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். தட்டிக் கேட்டால் சண்டை. சண்டை போட்டால் கேஸ் எங்கள் மேல். இத்தனைக்கும் பிறகு கடைசி மடைக்கு வருவது கணுக்கால் நனைகிற தண்ணீர். மக்காச்சோளம் பாதிக் காடு பாய்வதற்குள் ஷட்டரை அடைத்துவிடுகிறார்கள். தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். அப்படி ஊற்றிக் காய் வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கொப்பரை வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் வந்த வழி இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வாடகைக் களத்தில் கொப்பரை காயவைத்து, மொபெட்டில் தோட்டம் தோட்டமாக வந்து விலை பேசி, அப்புறம் எண்ணெய் ஆலை, அப்புறம் ஒன்றியப் பொறுப்பு, அப்புறம் சட்டசபை. எங்களுக்கும் அதில் பெருமைதான். மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் தராசை விட்டு நகராத ஆள் நீங்கள். அதனால்தான் கேட்கிறோம்: கிளை வாய்க்கால் தலைப்பில் எவ்வளவு விடுகிறார்கள், கடைசி மடையில் எவ்வளவு வருகிறது, இரண்டையும் தினமும் அளந்து பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் கேட்டால் மேலே சொல்லுங்கள் என்கிறார்கள். மேலே என்றால் நீங்கள்தானுங்களே.

பொள்ளாச்சி நா. மகாலிங்கமும் பஸ் கம்பெனி முதலாளிதான். 1952 முதல் 1967 வரை சட்டமன்றத்தில் இருந்தார். இந்தத் திட்டம் வர வேண்டும் என்று விடாமல் நின்றவர்களில் அவரும் ஒருவர். 1961இல் நேரு தொடங்கி வைத்தார். இன்றைக்கு எந்தக் கட்சியில் சீட்டு கேட்டாலும் முதலில் ஆலை இருக்கிறதா, காலேஜ் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஜெயித்த பிறகு ஆலை இரண்டாகிறது, வாய்க்கால் மட்டும் அப்படியே கிடக்கிறது. உங்களைப் 'பாசனக் காவலர்' என்று சொல்லும் ஃப்ளெக்ஸ்கூட எங்கள் வாய்க்கால் மேட்டில்தான் நிற்கிறது. ராத்திரிக் காவலுக்கு அதுவாவது துணை இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

சரி, கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புது வாய்க்கால் கேட்கவில்லை, நிவாரணம் கேட்கவில்லை. தலைப்பில் ஒரு அளவு, கடைசி மடையில் ஒரு அளவு, ஊர் பார்க்க ஒரு பலகை. அடுத்த சுற்று திறப்பதற்குள் இதற்கு உத்தரவு வாங்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளக்கிற அன்றைக்கு நீங்களும் ஒரு நடை வந்து நில்லுங்கள், அண்ணா.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்