ரசத்தில் பெருங்காயம்

மன்னார்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

பேத்தி படத்துக்கு ஒரு பதில்கூடப் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முறைப்பாள். அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அம்மா வாசல் கதவைத் திறந்ததுமே குப்பென்று கேஸ் வாடை. "வா, இப்பதான் எந்திரிச்சேன், காபி போடுறேன்" என்று சாதாரணமாக அடுப்படிக்குத் திரும்புகிறாள். கையில் லைட்டர். நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாயே பயந்து குரைத்தது. லைட்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். எந்த சுவிட்சையும் தொடவில்லை. ரெகுலேட்டரைத் திருகி மூடினேன், கழற்றியும் எடுத்தேன். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. சிலிண்டருக்கு மூடியைப் போட்டு, இடுப்பு வலியெல்லாம் மறந்து, கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

நம் வீட்டு அடுப்படி கூடத்தைவிட ஒரு படி பள்ளம், நீ இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறாயே. இந்த கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் போலப் பள்ளத்தில்தான் தேங்கும். பிரிட்ஜை அங்கே வைக்க இடமில்லை என்று எத்தனை வருஷம் புலம்பினேன்! அதிலிருந்து ஒரு பொறி பறந்திருந்தால் போதுமே, இடமில்லாமல் போனதே நல்லதாயிற்று.

திண்ணையில் உட்கார்ந்து, "உனக்கு வாடையே வரலையா?" என்று கேட்டேன். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "2021-ல அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலேருந்து எந்த வாடையும் தெரியாது." இத்தனை வருஷம், வசந்தி. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கேஸுக்கென்று சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றத்தைக் கலக்கிறார்கள். 14.2 கிலோவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகத் தூங்குவது ஒரு மூக்கை நம்பி. அந்த மூக்கே இல்லாத வீட்டில் அம்மா தனியாக இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அடித்தேன். வந்த தம்பி சிலிண்டர் வால்வுக்குள் விரல் நகத்தளவு ரப்பர் வளையத்தைக் காட்டினார், ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. முதல்நாள்தான் புது சிலிண்டர் வந்ததாம். கொண்டுவந்து போட்டவருக்குக் கூலி மட்டும் கேட்டு வாங்கத் தெரிகிறது, மாட்டிவிட்டுக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க நேரமில்லை. அவரைச் சொல்லி என்ன? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆரஞ்சு டியூபில் 2014 என்று இருந்தது. மாதாமாதம் வந்து போகும் நான் ஒருநாளாவது குனிந்து பார்த்தேனா?

கசிவு அலாரம் வாங்கிவிட்டேன். உன் வீட்டில் போல உச்சியில் மாட்டவில்லை. மும்பையில் உனக்குக் குழாயில் வருவது மீத்தேன், அது மேலே போகும். இங்கே தரையிலிருந்து ஓரடி. அம்மா அதன்மேல் கரித்துணியைக் காயப் போடுகிறாள். நாலு முறை எடுத்துவிட்டேன்.

இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கினேன். ஈயச்சொம்பு அதில் சுடாதாம், சுடாத அடுப்பு எதற்காம். "கேஸ்ல வச்சு உருக்கினது யாரு?" என்று என் பழைய குற்றத்தைக் கிளறினாள். அண்ணன் வீட்டுக்கும் வரமாட்டாள். சரி, இந்த மாதம் முழுக்க இங்கேதான் இருக்கப் போகிறேன்.

நேற்று அம்மா ரசம் வைப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டாள். குனிந்து மோந்தாள். இன்னும் கொஞ்சம் கிள்ளினாள். மறுபடி மோந்தாள். போன பொங்கலுக்கு வந்தபோது, "ரசமா, பெருங்காயக் கஷாயமா?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நம் மூன்று பேரில் அதிகமாகச் சிரித்தது அம்மாதான்.

கல்பனாவிடம் சொல்லாதே, ஊரைக் கூட்டிவிடுவாள். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன்
ராஜி