பார்க்கர் பற்றிய வரிக்குத் திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க எல்லைப்புற நீதிபதி ஐசக் பார்க்கர் ‘மனம்போல் தூக்கு விதித்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பத்திரிகையிலா இப்படி என்று மனம் ஆறவில்லை.

அன்றைய கூட்டாட்சிச் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு ஒன்றுதான். ஜூரி (குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு) ‘குற்றவாளி’ என்றபின் நீதிபதிக்கு வேறு வழி கிடையாது. மரண தண்டனை வேண்டாம் என்று ஜூரியே சேர்த்துச் சொல்லும் உரிமை 1897 ஜனவரியில்தான் வந்தது. பார்க்கர் 1896 நவம்பர் 17-ஆம் தேதியே இறந்துவிட்டார். அவருடைய நீதிமன்றம் இருந்த ஆர்கன்சா மாநிலத்து ஃபோர்ட் ஸ்மித்தில் 21 ஆண்டுகளில் அவர் தூக்கு விதித்தது 160 பேருக்கு. தூக்கிலேறியவர்கள் 79 பேர். கட்டுரையில் முதல் எண் மட்டும் இருக்கிறது.

அவர்மேல் குறை சொல்ல நியாயமான இடம் வேறு. ஜூரிக்கு மணிக்கணக்கில் அறிவுரை சொல்வார். தப்பியோடியதையே குற்றத்துக்குச் சான்றாக அழுத்துவார். தற்காப்பு உரிமையைக் குறுக்குவார். 1889 வரை மேல்முறையீடே இல்லை, ஜனாதிபதியின் கருணை ஒன்றுதான் கதி. வழி திறந்ததும் உச்ச நீதிமன்றம் பார்த்த அவருடைய மரண தண்டனை வழக்குகளில் பாதிக்கு மேல் ரத்தாகின. ஓடியவன் பயத்தாலும் ஓடியிருக்கலாம் என்று ஹிக்கரி வழக்கில் அந்த நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. விமர்சிக்க இவ்வளவு இருக்க, இதில் ஒரு சொல்லும் கட்டுரையில் இல்லை.

துணை மார்ஷல்களை ‘ஷெரிஃப்’ என்றதும் தவறு. ஷெரிஃப் என்பவர் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மக்கள் தேர்ந்தெடுப்பவர். செரோக்கி, சோக்டா பழங்குடி நிலங்களுக்குள் குற்றவாளிகளைப் பிடிக்கக் குதிரையில் போன துணை மார்ஷல்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆட்கள். மாதச் சம்பளம் இல்லை. கைதுக்கு 2 டாலர், மைலுக்கு 6 சென்ட். பிடிக்கப்போன ஆள் செத்தால் கூலியும் போச்சு. அடிமையாகப் பிறந்து அங்கே புகழ்பெற்ற துணை மார்ஷலான பாஸ் ரீவ்ஸின் பெயர்கூட இல்லையே!

முன்பொரு இதழில் டெக்சாஸின் ராய் பீனையும் ‘தூக்கு நீதிபதி’ ஆக்கினீர்கள். அவர் சில்லறை வழக்கு பார்த்தவர், மரண தண்டனை விதிக்கும் அதிகாரமே இல்லாதவர். அப்போதும் எழுதினேன், திருத்தம் வரவில்லை.

ஃபோர்ட் ஸ்மித் தூக்குமேடைப் படத்தின் கீழ் ‘அசல்’ என்றிருக்கிறது. அசலை 1897-லேயே எரித்துவிட்டார்கள். இப்போது நிற்பது பின்னாளில் கட்டிய மாதிரி. அந்தக் குறிப்பையும் ‘மனம்போல்’ என்ற சொல்லையும் திருத்தி, அடுத்த இதழில் நான்கு வரி வெளியிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்